வீட்டிலேயே தசை வளர்க்க எதை வாங்கலாம்? தரையில் தொடங்கி பார்பெல் வரை

பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி டம்பெல் கிடக்கும். பெரும்பாலும் 5 கிலோ. வாங்கிய முதல் மாதம் கை நடுங்க நடுங்கத் தூக்கியிருப்பார்கள். மூன்றாவது மாதம் அதையே இருபத்தைந்து முறை மடக்கினாலும் கைக்கு ஒன்றும் தெரியாது, கண்ணாடியிலும் ஒன்றும் தெரியாது. நான்காவது மாதம் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். "எல்லாம் என் சோம்பேறித்தனம்" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். பாதிக் குற்றம் அந்த ஜோடியுடையது என்பேன் நான். அதற்கு மேலே ஏற ஒரு படி இல்லை.

வீட்டில் உடற்பயிற்சி செய்து தசை ஏற்ற நினைப்பவர் முன்னால் இன்று நிறைய வழிகள் இருக்கின்றன. ஒன்றுமே வாங்காமல் தரையில் தண்டால் எடுக்கலாம். கதவில் ஒரு புல்-அப் கம்பி மாட்டலாம். ரப்பர் பேண்ட், டம்பெல், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல், கடைசியாக ஒரு அறையையே விழுங்கும் பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி), அதைத் தாங்கும் ரேக். எதை எடுப்பது, எதை விடுவது? எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

தசை கேட்பது என்ன?

இரும்பா, ரப்பரா, தரையா என்ற பேதமெல்லாம் தசைக்குத் தெரியாது. தன் மேல் எவ்வளவு இழுவிசை விழுகிறது, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஐந்தே முறை தூக்க முடிகிற கனமான எடையை எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது முறை போகிற லேசான எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் "இனி ஒன்றோ இரண்டோதான் முடியும்" என்கிற இடம் வரை கொண்டுபோனால், தசையின் பருமன் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. லேசான எடையைத் தூக்கத் தொடங்கும்போது தசையில் சிறிய இழைக் கூட்டங்கள் மட்டும் வேலை செய்கின்றன. அவை களைக்கக் களைக்க நரம்பு மண்டலம் பெரிய கூட்டங்களையும் வேலைக்கு இழுக்கிறது. நன்றாகப் பருக்கக்கூடியவை அந்தப் பெரிய கூட்டங்கள்தான். அவற்றை எழுப்பும் முன்பே செட்டை (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றை) முடித்துக்கொண்டால் வியர்வை மட்டும்தான் மிச்சம்.

இதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. நீங்கள் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பலன் குறையத் தொடங்குகிறது. இன்னொன்று, பருமனும் வலிமையும் ஒன்றல்ல. அதிகபட்ச எடையைத் தூக்கும் வலிமை வேண்டுமென்றால் கனமான எடைதான் வேண்டும், அதில் குறுக்குவழி இல்லை. இந்தக் கட்டுரை பருமனைப் பற்றியது.

1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் கால் தசைகளைத் தேற்ற எடைப் பயிற்சி கொடுத்தார். அடிபட்ட காலுக்கு ஓய்வுதான் மருந்து என்று நம்பிய காலம் அது. வீரர் ஒருவரால் பத்து முறை தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, காலுக்குத் தெம்பு வர வர அதை ஏற்றிக்கொண்டே போனார். முதலில் "கனமான எதிர்ப்புப் பயிற்சி" என்று பெயர் வைத்தவர், பிறகு "படிப்படியாக ஏறும் எதிர்ப்புப் பயிற்சி" என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பெயர் மாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. கனம் முக்கியமில்லை, ஏற்றம் முக்கியம்.

ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன். இதில் அடுத்த படி எவ்வளவு உயரம்? உடம்பில் எந்தத் தசையை இது தொடவே தொடாது?

தரை: தள்ளுவதற்குக் காசே வேண்டாம்

தண்டாலைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அதிகம். சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்ட 45 கிலோ. முழங்காலை ஊன்றினால் 49 சதவீதம், அதாவது 34 கிலோ. கைகளை 60 செ.மீ. உயர மேடையில் ஊன்றினால் 41 சதவீதம்தான், 29 கிலோ. அதையே திருப்பி, கால்களை 60 செ.மீ. மேலே வைத்தால் 74 சதவீதம், 52 கிலோ. பைசா செலவில்லாமல் 29 கிலோவிலிருந்து 52 கிலோ வரை ஒரு ஏணி. மேடையின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் இடைப்பட்ட படிகளும் கிடைக்கும்.

இந்த ஏணி முடிந்ததும் முதுகுப்பை வருகிறது. தண்ணீர் 1 லிட்டருக்கு 1 கிலோ என்பதால் கணக்கு சுலபம். அதே பாட்டிலில் உலர்ந்த மணலை நிரப்பினால் சுமார் ஒன்றரை கிலோ. பையைத் தோளோடு இறுக்கிக் கட்டவில்லை என்றால் மூன்றாவது தண்டாலில் அது கழுத்துக்கு ஏறிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். கைகளுக்கு அடியில் இரண்டு கனமான புத்தகங்களை வைத்து மார்பை இன்னும் கீழே இறக்குவதும் நல்ல படி. நீண்டு விரிந்த நிலையில் சுமை விழும்போது தசை நன்றாக வளர்கிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

ஜப்பானில் 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு குழு தண்டாலும் இன்னொரு குழு அதே அளவு சுமையில் பெஞ்ச் பிரஸும் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) எட்டு வாரம் செய்தார்கள். மார்புத் தசையும் பின்கைத் தசையும் (மேல்கையின் பின்பக்கம்) இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி தடித்தன. மார்பு, முன்தோள், பின்கை இந்த மூன்றுக்கும் வருடக்கணக்கில் தரை போதும் என்றே நினைக்கிறேன்.

கால்களுக்கு வந்தால் பதில் கொஞ்சம் குழப்பமானது. இரண்டு காலில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் சீக்கிரமே ஐம்பது, அறுபது என்று நீண்டு மூச்சுப் பயிற்சி ஆகிவிடும். அப்போது செய்ய வேண்டியது ஒரு காலுக்கு மாறுவது. பின்காலை நாற்காலியில் தூக்கி வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட்டை முதுகுப்பையோடு பன்னிரண்டு முறை செய்து பாருங்கள், மறுநாள் மாடிப்படி பதில் சொல்லும். தடுமாற்றம் வந்தால் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது தொடைத் தசை, கழைக்கூத்து அல்ல. கெண்டைக்காலுக்கு மாடிப்படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றினால் போதும். பின்தொடைக்கு, வழுவழுப்பான தரையில் மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் துண்டைப் போட்டு, இடுப்பைத் தூக்கியபடி காலை நீட்டி மடக்கலாம். கேட்க எளிதாக இருக்கும். எட்டாவது முறையில் தசை பிடித்துக்கொள்ளும்.

முதுகு விஷயத்தில்தான் தரை கையை விரிக்கிறது. தள்ளுவதற்குத் தரை எதிர்ப்புக் கொடுக்கும். இழுப்பதற்கு அதில் பிடியே இல்லை. மேசைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து உடம்பை இழுக்கலாம் என்று பல காணொளிகளில் காட்டுகிறார்கள். கனமான மர மேசை என்றால் சரி. லேசான மேசை என்றால் அது உங்கள் மேல்தான் கவிழும். கதவுப் பிடியில் துண்டைச் சுற்றி இழுப்பதும் அப்படித்தான், முதல் மாதத்தோடு அதன் பயன் தீர்ந்துவிடும். முதுகை விட்டுவிட்டு மார்பை மட்டும் வளர்ப்பவரின் தோள் முன்னால் சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டுப் பயிற்சிக்கென்று முதலில் செலவழிக்கும் பணம் இழுப்பதற்காக இருக்கட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வாங்குவது தண்டால் கைப்பிடி. ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

புல்-அப் கம்பியும் வளையங்களும்

கம்பியில் மூன்று வகை. கதவு நிலைக்குள் திருகி, அழுத்தத்தால் மட்டும் நிற்பது ஒன்று. நிலையின் மேல் விளிம்பில் கொக்கிபோல் மாட்டுவது இரண்டாவது. சுவரிலோ கூரையிலோ போல்ட் அடித்துப் பொருத்துவது மூன்றாவது. முதல் வகையை நான் இனி வாங்க மாட்டேன். ஒருநாள் ஏழாவது புல்-அப்பில் ஒரு முனை சறுக்கி, நான் உட்கார்ந்த நிலையில் தரைக்கு வந்தேன். வால் எலும்பு இரண்டு வாரம் அதை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. அந்த வகைதான் வேண்டும் என்றால் கூடவே வரும் தாங்கிகளை நிலையில் திருகிப் பொருத்தாமல் தொங்காதீர்கள். கொக்கி வகைக்கு நிலையின் மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுதியான மரச் சட்டம் வேண்டும். சுவரோடு சமமாக இருக்கும் நிலையில் அது நிற்காது. போல்ட் வகைக்குத் திடமான செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் வேண்டும். சுவரில் துளை போட முடிந்தவர்களுக்கு இதுவே சிறந்தது.

"எனக்கு ஒரு புல்-அப்கூட வராதே" என்பது வழக்கமான தயக்கம். வராதவர்களுக்கும் கம்பி உதவும். நாற்காலியில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி நின்று, ஐந்து விநாடி எடுத்து மெல்ல இறங்குங்கள். அதை ஐந்து முறை செய்ய முடிந்தால் முதல் புல்-அப் ரொம்ப தூரத்தில் இல்லை. உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் மேல்கையின் முன்பக்கத் தசை (பைசெப்ஸ்) அதிகம் உதவும், தொடக்கத்தில் அதுவே எளிது. ஆனாலும் புல்-அப்பின் முதல் படி பெரியது என்பதை மறுக்க முடியாது. முழு உடல் எடையிலிருந்துதான் அது தொடங்குகிறது. 90 கிலோ ஆளுக்கு அது சுவர் மாதிரி.

இந்தச் சுவரைச் சரிவுப் பாதையாக மாற்றுபவை வளையங்கள். ஜிம்னாஸ்டிக் வீரர்கள் தொங்குவார்களே, அதே மர வளையங்கள், நாடாவோடு. அதே கம்பியில் மாட்டி இடுப்பு உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, உடம்பைச் சாய்த்து இழுக்கலாம். நிமிர்ந்து நின்றால் லேசு. காலை ஓரடி முன்னால் நகர்த்தினால் கனம். தரைக்கு இணையாகப் படுத்துவிட்டால் பெரும் கனம். படிகளே இல்லாத ஏற்றம் இது, ஒரு அங்குலம் நகர்ந்தாலும் சுமை மாறும். அதிலேயே தண்டால் எடுக்கலாம், இரு கையையும் ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸ் செய்யலாம், கையை மடக்கலாம். முடிந்ததும் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிடலாம். நான் வாங்கியவற்றில் கொடுத்த காசுக்கு மிக அதிகமாகத் திருப்பித் தந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் வளையங்களைச் சொல்வேன். என்னவோ இதைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

ரப்பர் பேண்ட்: நல்ல துணை, சுமாரான தலைவன்

பேண்டில் பயிற்சி செய்தவர்களுக்கும் எடை தூக்கியவர்களுக்கும் வலிமை ஒரே அளவில் கூடியது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. என் சிக்கல் வேறு. எவ்வளவு இழுக்கிறேன் என்று பேண்ட் எனக்குச் சொல்வதில்லை. பையில் "15 முதல் 30 கிலோ" என்று போட்டிருப்பார்கள். அது எவ்வளவு நீட்டும்போது? நேற்று ஓரடி முன்னால் நின்றேனா, பின்னால் நின்றேனா? ஏற்றம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆர்வம் வடிந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அதன் இயல்பிலேயே இருக்கிறது. நீட்ட நீட்டத்தான் ரப்பர் கனக்கும். எனவே அசைவின் தொடக்கத்தில், அதாவது தசை நீண்டிருக்கும் இடத்தில், சுமை மிகக் குறைவு. முடிவில், தசை சுருங்கி நிற்கும் இடத்தில் மிக அதிகம். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கொஞ்சம் தள்ளி நின்று, தொடக்கத்திலேயே பேண்ட் விறைப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இதைப் பாதி சரிக்கட்டலாம். நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்தால் முதல் சிக்கலும் பாதி தீரும்.

கதவில் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். நீங்கள் இழுக்கும்போது கதவு மேலும் இறுகிச் சாத்திக்கொள்ளும் பக்கம் நின்று இழுக்க வேண்டும். திறக்கும் பக்கம் நின்றால், தாழ்ப்பாள் ஒருநாள் காலை வாரிவிடும். வெயிலும் காற்றும் பட்ட ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் விழும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. முகத்துக்கு நேராக இழுக்கும்போது அறுந்தால் முதலில் ஆபத்து கண்ணுக்குத்தான்.

ஆனால் பேண்ட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பயணத்தில் பெட்டிக்குள் அடங்கும். புல்-அப் கம்பியில் மாட்டி முழங்காலை அதில் வைத்தால் உடல் எடையில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். தண்டாலின்போது முதுகுக்குக் குறுக்கே போட்டால் கூடுதல் சுமை. பின்தோளுக்கான பயிற்சிகளுக்கு, மூட்டு வலிக்காரர்களுக்கு இதுபோல் இதமானது வேறில்லை. ஆக, தனியாக வாங்காதீர்கள், கம்பியோடு சேர்த்து வாங்குங்கள்.

டம்பெல்: படியின் உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது பார்க்கச் சின்ன மாற்றம். கணக்கில் அது 50 சதவீத உயர்வு. 20 கிலோவிலிருந்து 22.5 கிலோ என்றால் 12.5 சதவீதம்தான். எடை குறைவாக இருக்கும்போதுதான் படி செங்குத்தாக இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும் தோள் பயிற்சியில் இந்த 50 சதவீதத்தை யாராலும் ஒரே தாவலில் தாண்ட முடியாது. அதற்கு வழி, 5 கிலோவிலேயே பத்து, பதினைந்து, இருபத்தைந்து என்று எண்ணிக்கையை ஏற்றிவிட்டுப் பிறகு 7.5க்குப் போவது. முன்னே சொன்ன ஐந்து முதல் முப்பது என்ற அகலமான எல்லை இங்கேதான் கை கொடுக்கிறது.

ஒரே எடை கொண்ட டம்பெல் ஜோடிகளை ஒவ்வொன்றாக வாங்குவது வீட்டுக்கு ஒத்துவராது. இடமும் போகும், பணமும் போகும். எடையை மாற்றக்கூடிய வகையில் இரண்டு உண்டு. ஒன்று, கம்பியில் பிளேட்டை (வட்ட எடைத் தகட்டை) கோத்து முனையில் மரையைத் திருகுவது. இன்னொன்று, முனையில் உள்ள வட்டத் திருகியைத் திருப்பினால் வேண்டிய பிளேட்டுகள் மட்டும் கம்பியோடு வருவது. இரண்டாவது வேகமானது. பத்து விநாடியில் எடை மாறும். ஆனால் உள்ளே நுணுக்கமான பற்கள் இருக்கின்றன, கீழே போட்டால் பழுதாகும். பூட்டு சரியாக விழவில்லை என்றால் பிளேட் கழன்று காலில் விழும். மரை வகை அழகில்லை, மெதுவானது, ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே குனிந்து திருக வேண்டும். ஆனால் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. ஒன்றேகால் கிலோ, அரைக் கிலோ பிளேட்டுகளைத் தனியாகச் சேர்த்தால் படிகளையும் நாமே செதுக்கிக்கொள்ளலாம். பிளேட்டை மாற்ற ஆகும் நேரத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிடம் ஓய்வு எடுப்பது ஒரு நிமிட ஓய்வைவிட நல்லது, அந்த நேரத்தில் மரையைத் திருகலாமே. ஒவ்வொரு செட்டுக்கும் முன் மரை இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், அது தானாகத் தளரும் குணமுள்ளது.

எவ்வளவு எடை வரை வாங்குவது? ஒரு கைக்கு 20 முதல் 24 கிலோ வரை ஏறக்கூடியது பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலம் போதும். 10 கிலோவோடு நின்றுபோகும் தொகுப்பு வேண்டாம், அது கட்டிலடி ஜோடிக்கு அண்ணன்.

டம்பெல் வந்ததும் திறக்கும் கதவுகள் அதிகம். குனிந்து ஒரு கையால் இழுக்கும் ரோ முதுகுக்கு. காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து எழும் ரொமேனியன் டெட்லிஃப்ட் பின்தொடைக்கும் பிட்டத்துக்கும். தரையில் வெறுங்கையோடு செய்ய முடியாத இந்த இரண்டு அசைவுகளையும் டம்பெல் தருகிறது. இரண்டு கையிலும் இருபது இருபது கிலோ பிடித்து ஸ்பிளிட் ஸ்குவாட் செய்தால் தொடைக்கு வேறு ஒன்றும் தேவைப்படாது. மார்புக்குத் தரையிலேயே படுத்து பிரஸ் செய்யலாம். ஆனால் முழங்கை தரையில் இடித்து அசைவு பாதியில் நின்றுவிடும், நீண்ட நிலை கிடைக்காது. சாய்வை மாற்றக்கூடிய ஒரு பெஞ்ச் அந்தக் குறையைத் தீர்க்கும். இருந்தாலும் பெஞ்ச் அவசரமில்லை, தண்டால் இருக்கிறதல்லவா.

பார்பெல், ரேக், மற்றவை

பார்பெல் கருவிகளின் அரசன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு பக்கமும் ஒன்றேகால் கிலோ பிளேட்டைப் போட்டால் 2.5 கிலோ கூடும். 80 கிலோ ஸ்குவாட்டில் அது 3 சதவீதம்தான். இவ்வளவு சன்னமான படி, அதுவும் ஆண்டுக்கணக்கில் ஏறும் படி, வேறு எதிலும் இல்லை. கால், இடுப்பு, முதுகு மூன்றும் ஒருசேர உழைக்கும் பயிற்சிகளுக்கு இதுதான் சரி.

ஆனால் வீட்டில் அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. முழு அளவுக் கம்பி 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம். பிளேட் மாட்டி எடுக்க இரு பக்கமும் இடம் விட்டால் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம் வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பிளேட் கூரையில் இடிக்கக் கூடாது. கம்பி, பிளேட், ரேக், பெஞ்ச், கீழே தடித்த ரப்பர் விரிப்பு என்று பட்டியல் நீளும். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரின் பொறுமையும் அந்தப் பட்டியலில் சேரும். தனியாகப் பயிற்சி செய்பவருக்குப் பக்கவாட்டுத் தாங்கிகள் உள்ள ரேக் கட்டாயம். அது இல்லாமல் தனியாக பெஞ்ச் பிரஸ் செய்வது உயிரோடு விளையாடுவது, நெஞ்சின் மேல் சிக்கிய கம்பியை எடுக்க வீட்டில் யாரும் இல்லாத நேரம்தான் அது சிக்கும். தாங்கி இல்லாமல் செய்தே ஆக வேண்டுமென்றால் முனைகளில் பூட்டு போடாதீர்கள். சாய்த்தால் பிளேட்டாவது சரிந்து விழும்.

பருமன் மட்டும் போதும் என்பவருக்கு இந்த யானை தேவையில்லை. கனமாகத் தூக்குவதிலேயே மகிழ்ச்சி காண்பவர், தரைத்தளத்தில் ஒரு தனி அறை உள்ளவர், ஒரு வருடமாவது விடாமல் பயிற்சி செய்து காட்டியவர், இந்த மூன்றும் ஒருவரிடமே இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கெட்டில்பெல் மூச்சுக்கும் இடுப்பு வேகத்துக்கும் நல்லது. ஆனால் மரபுப்படி 16, 24, 32 என்று எட்டு எட்டு கிலோவாகத் தாவும், படி மிக உயரம். தசைக்காக மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வயிற்றில் கட்டிக்கொண்டு அதிரும் பெல்ட்டைப் பற்றி ஒரே வரி: வேண்டாம்.

ஜிம்முக்கே போய்விடலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். மேலிருந்து கீழே இழுக்கும் கேபிள், காலை மடக்கும் இயந்திரம், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இந்த மூன்றுக்கும் வீட்டில் முழு ஈடு கிடையாது. புல்-அப் வராத, உடல் எடை அதிகமுள்ள ஒருவருக்கு அந்த கேபிள் பெரிய வரப்பிரசாதம். மறுபக்கம், ஜிம்முக்குப் போக அரைமணி, வர அரைமணி ஆகிறது என்றால் வாரம் மூன்று நாள் என்று தொடங்கியது ஒன்றாகச் சுருங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு எது

இதுவரை எதுவுமே செய்யாதவர் முதல் இரண்டு மாதம் எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் முதுகுக்காகக் கம்பியும் வளையமும் மட்டும் வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு மாதத்தில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிப்பது அளவுகோலில் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கண்ணாடிக்கு இன்னும் தாமதமாகும்.

இருபது தண்டால் சிரமமில்லாமல் எடுப்பவர் என்றால் அடுத்த செலவு மரை வகை டம்பெல். பெஞ்ச் பிறகு. இந்த இடத்திலேயே பெரும்பாலானோர் நின்றுவிடலாம், எனக்கும் இதுதான் நிலை.

ஐம்பது கடந்தவர்களுக்கும் முழங்கால், தோள் தொந்தரவு உள்ளவர்களுக்கும் வரிசை மாறும். பேண்டும் வளையமும் முதலில், லேசான சுமையில் இருபது, இருபத்தைந்து முறை. மூட்டுக்கு அழுத்தம் குறைவு, தசைக்குப் பலன் அதேதான். கடைசி ஐந்து முறை எரியும், அந்த எரிச்சல்தான் விலை. வாரம் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது முதியவர்களுக்கும் சேர்த்துத்தான். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். யாராக இருந்தாலும் தூக்கும்போது மூச்சை நீண்ட நேரம் அடக்க வேண்டாம்.

எந்தக் கருவி ஆனாலும் கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரம் பத்து செட் அளவில், இரண்டு நாளாகப் பிரித்து. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு புரதம், 70 கிலோவுக்கு அது நாளைக்கு 112 கிராம். தொடக்கக்காரர்கள் "முடியவில்லை" என்று நிறுத்தும்போது பெரும்பாலும் இன்னும் நான்கைந்து மிச்சம் இருக்கும். எனவே மாதம் ஒருமுறை, தண்டால்போல ஆபத்தில்லாத பயிற்சியில், உண்மையிலேயே நகர முடியாத இடம் வரை போய்ப் பாருங்கள். உங்கள் எல்லை எது என்று அப்போதுதான் தெரியும். அந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆர்டர் போடும் முன் கதவு நிலையின் அகலத்தையும் சட்டத்தின் தடிமனையும் அளந்துவிடுங்கள். பிறகு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்த 5 கிலோ ஜோடியைத் தூசி தட்டி எடுங்கள். மார்புக்கும் முதுகுக்கும் அது உதவாது. ஆனால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் தோள் பயிற்சிக்குப் பலருக்கு ஒரு வருடம்கூட ஓடும்.